வெளியே நிற்கும் பாடம்

எங்கள் சபையின் வாலிபர் ஊழியத்தில் எத்தனையோ கூத்து நடந்திருக்கிறது. கிட்டார் வாங்கினார்கள், கம்பி அறுந்தது. கால்பந்து அணி வைத்தார்கள், அடிதடியில் முடிந்தது. பாஸ்டர் முத்விரி வந்து ஆரம்பித்த சனிக்கிழமை வகுப்பு ஒன்றுதான் உருப்படியாக ஓடியது. பெற்றோர் ஆலயத்துக்குள்ளே, பதின்வயதுப் பிள்ளைகள் வெளியே அவகாடோ மரத்தடியில். கோபம், குடி, உடம்பு, ஜெபம் என்று இரண்டு பக்கமும் ஒரே பாடத்தைப் படிப்பார்கள். பிறகு வீட்டில் சாப்பாட்டின்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்ள வேண்டும். மகன் தப்புப் பண்ணினால்தான் அப்பன் வாயைத் திறப்பான் என்றிருந்த ஊரில் இது பெரிய காரியம். நானும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

வருஷப் படிப்பின் முடிவில், டிசம்பர் விடுமுறையில், பையன்களுக்கு வெட்டு. வேதாகமத்தில் விருத்தசேதனம் என்று அழகாகப் போட்டிருக்கிறது. எங்கள் மேரு ஜில்லாவில் அது வெட்டுதான். வெட்டுப்பட்டவன் புண் ஆறும்வரை ஊரை விட்டு ஒதுங்கி இருப்பான். உள்ளே போகிறவன் பிள்ளை, வெளியே வருகிறவன் ஆண். அந்த இடத்தில் பெண் நிழல் படக்கூடாது. அங்கே நடந்ததைப் பற்றி வெளியே வந்து மூச்சு விடக்கூடாது.

முன்பு இதை ஆற்றோரத்தில் தாய்மாமன்மாரும் சித்தப்பன்மாரும் நடத்திவந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கத்தி, நடத்துகிறவர்களுக்கு ஓயாத சாராயம். ஒரு பையன் ரத்தம் போய்ச் செத்த பிறகு பாஸ்டர் எழுந்து நின்று, இனி சபை நடத்தும் என்றார். ஆஸ்பத்திரி ஆள் வந்து சுத்தமாக வெட்டுவான், மாத்திரை உண்டு, கட்டு உண்டு, காலையும் மாலையும் ஜெபம் உண்டு. ஒதுங்கி இருக்க, சபைக்குச் சொந்தமான பழைய காப்பிக் கிடங்கு.

அதுவரை சரிதான். ஆனால் பழைய முறையில் ஒவ்வொரு பையனுக்கும் அவன் வீட்டு ஆள் ஒருவன் கூட இருப்பான். பக்கத்திலேயே படுப்பான், புண்ணைக் கட்டுவான், சோற்றை முதலில் தான் தின்று பார்த்துத்தான் பையனுக்குக் கொடுப்பான். குடிக்கிறார்கள் என்று பாஸ்டர் அந்த வீட்டு ஆட்களை விலக்கிவிட்டார். அப்பனும் வரக்கூடாது என்றார். அவர்கள் இடத்தில் வாலிபர் ஊழியத்துப் பையன்களை வழிகாட்டிகள் என்று பெயர் கொடுத்து வைத்தார். பெண் வரக்கூடாது, பேசக்கூடாது என்ற இரண்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார். அரிசியை ஊதிவிட்டு உமியை மூட்டை கட்டின கதை. இதை நான் கூட்டத்திலேயே கேட்டேன்.

"கின்யா அம்மா, உங்களுக்கு மூணும் பொண்ணு. இந்தக் கவலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றார் பாஸ்டர். என் மூத்தவள் கின்யாவின் பெயரால்தான் ஊரே என்னைக் கூப்பிடும்.

சபை சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் கரிமி.

கரிமி எனக்கு வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரி. ஆரம்பப்பள்ளி டீச்சர். பெற்றோர் வகுப்பை நடத்துகிறவளும் அவள்தான். கல்யாணமாகி வெகு காலம் கழித்து, இரண்டு கர்ப்பம் கலைந்த பிறகு பிறந்த ஒரே பிள்ளை மவீரா. மீசை அரும்பும் வயசிலும் அவள் பரீட்சைத் தாள் திருத்தும்போது வந்து மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான். எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கும். அவளுக்கோ அது பயம். அவள் தம்பி இப்படித்தான் அம்மா முந்தானையைப் பிடித்தே வளர்ந்தான். இப்போது சந்தைக் கடைகளுக்குப் பின்னால் குடித்துவிட்டுக் கிடக்கிறான். "எங்கம்மா கதவைச் சாத்தத் தெரியாதவ. அதான் என் தம்பி நாசமாப் போனான்" என்பாள். மவீராவும் அப்படி ஆகிவிடுவான் என்று அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு நடுக்கம். அந்த நடுக்கத்தைத்தான் அவள் பாடமாக்கினாள்.

அதற்கு வெளியே நிற்கும் பாடம் என்று பெயர். பெற்றோரை ஆலயத்துக்கு வெளியே நிறுத்துவாள். பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவாள். உள்ளே இருந்து பிள்ளைகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட வேண்டும். வெளியே நிற்பவர்கள் பதில் சொல்லக்கூடாது. முதலில் எல்லாருக்கும் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் மாறும். விளையாட்டுக்குக் கூப்பிடுகிற பிள்ளைகள்கூட, பதில் வராவிட்டால் நிஜமாகவே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். கதூரே என்ற தக்காளிக்காரி தாங்காமல், "என்னடா கண்ணு?" என்று கத்திவிட்டாள்.

"கதூரே, பின்னால திரும்பிப் பாத்த லோத்து பெண்டாட்டி என்ன ஆனா?" என்றாள் கரிமி.

"உப்பாப் போனா."

"உன் மகன் உப்புத்தூணைக் கட்டிக்கிட்டு அழணுமா? மறுபடி மொதல்லேருந்து."

மறுபடி முதலிலிருந்து நடந்தது. இந்த முறை கதூரே வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கடைசியில் மவீராவின் குரல் மட்டும் கேட்டது. கரிமி அசையவில்லை. அவனும் ஓய்ந்த பிறகு கதவைத் திறந்து, "பாத்தீங்களா? கூப்பிடறதை நிறுத்தின அப்புறம்தான் பிள்ளை தேவனைக் கூப்பிட ஆரம்பிப்பான்" என்றாள். பெற்றோர் ஆமென் என்றார்கள்.

டிசம்பர் வந்தது. பையன்கள் கிடங்குக்குள் போனார்கள். தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை போட்டிருந்தார்கள். தாய்மார் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அதில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். வழிகாட்டிகள் எடுத்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் காலிப் பாத்திரம் பலகைக்குத் திரும்பி வரும். வழிகாட்டிகளுக்குத் தலைவன் கோமே. பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்தவன், வேத வசனத்தைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லுவான், கண்ணைத் தாழ்த்தித்தான் பெரியவர்களிடம் பேசுவான். "இப்படி ஒரு பிள்ளை நமக்கு இல்லையே" என்று ஊரில் ஏங்காத தாய் இல்லை. எனக்கு மட்டும் அவன் கண்ணைத் தாழ்த்துவது பிடிக்காது. சின்ன வயசுப் பையன் கொஞ்சமாவது முறைக்க வேண்டாமா?

பாஸ்டர் ஆரம்ப நாட்களில் கிடங்குக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பிறகு நைரோபிக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் திட்டத்தைக் கேள்விப்பட்டு மற்ற சபைக்காரர்கள் பாடம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்களாம். ஊருக்கு உபதேசம் பண்ணப் போனார், மந்தையைக் கோமேயிடம் விட்டுவிட்டு.

அப்புறம் ஒரு சாயங்காலம் கரிமி வேலிக்கு மேலே பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினாள். முகம் பூரித்துக் கிடந்தது.

"கின்யா அம்மா, பாருங்க. சோளமும் பீன்ஸும் அவிச்சு அனுப்பினேன். ஒரு பீன்ஸ் மிச்சம் வெக்கல!"

மவீரா பீன்ஸ் தின்னமாட்டான். பால் மறந்த நாளிலிருந்து சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு பீன்ஸை ஓரமாக ஒதுக்கிவைப்பான். அடித்தும் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள், நடக்கவில்லை.

"பசி வந்தா பத்தும் பறக்கும்னு சொல்றது சரியாப் போச்சு" என்றாள். "ஆம்பளை ஆயிட்டான்."

"கரிமி, சாப்பிட்டது அவன்தானா?"

அவள் முகம் கடுத்தது. "உங்களுக்கு ஏன் எப்பவும் குத்தமாவே தெரியுது? பிள்ளை வளந்தா சந்தோஷப்படக் கூடாதா?"

மறுநாள் சாயங்காலம் வேலையில்லாமலே கிடங்குப் பக்கம் போனேன். அந்த நேரத்தில் உள்ளே பாட்டுப் பாடுவார்கள். முதல் நாட்களில் அது கேட்க இனிமையாக இருந்தது. குரல் உடையாத பையன்கள், உடைகிற பையன்கள், உடைந்த வழிகாட்டிகள் எல்லாம் கலந்து வரும். அன்றைக்குக் கேட்டது வழிகாட்டிகளின் தடித்த குரல் மட்டும். வெட்டுப்பட்ட பையன்கள் ஒருவன்கூடப் பாடவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டுகிற சத்தம் ஒன்று கேட்டது. மெதுவாக, ஒருவர் மட்டும் தட்டுகிற மாதிரி.

திரும்பி வரும் வழியில் கதூரே என்னோடு வந்து சேர்ந்துகொண்டாள். அவளும் கிடங்குப் பக்கம் நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"உன் மகன் குரல் கேட்டுச்சா?" என்றேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கேக்கல. நேத்திக்கு கோமே கிட்ட கேட்டேன். சின்னவங்க இப்ப மௌனத்துல இருக்காங்கன்னான். கரிமி டீச்சர் கிட்ட சொன்னேன், நீ இன்னும் திரும்பிப் பாத்துக்கிட்டே இருக்கேன்னு திட்டிட்டாங்க. விடுங்க, பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் நேரே கரிமி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் கிடோங்கா உரக்கடையைச் சாத்திவிட்டு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன்; பெண்டாட்டி பேசினால் தலையை ஆட்டுவான். நான் பீன்ஸையும் பாட்டையும் சொன்னேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நாளைக்குப் போயி பாத்துட்டு வந்துடறேன்" என்றான்.

"நீங்க போனீங்கன்னா ஊர்ல மத்த அப்பனெல்லாம் போவான்" என்றாள் கரிமி. "பெற்றோர் வகுப்புக்காரி புருஷனே போயிட்டான்னு சொல்லுவாங்க. மறுபடி ஆத்தோரத்துக்குப் போகணுமா? இன்னொரு பையன் சாகணுமா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. கிடோங்கா மறுபடி டம்ளரை எடுத்தான்.

மறுநாள் சாப்பாடு கொண்டுபோகும்போது நானும் கரிமி கூடவே போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு தூங்கியிருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. பலகையில் பாத்திரத்தை வைத்தாள். போகவில்லை, நின்றாள். கோமே தகரக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

"மவீராவை ஒரு தடவை கதவுக்கிட்ட வரச் சொல்லு. பாக்கமாட்டேன். குரலை மட்டும் கேட்டுட்டுப் போறேன்" என்றாள்.

"அவனால இப்ப வர முடியாதும்மா."

"ஏன்?"

"ராத்திரி உங்களைக் கூப்பிட்டுட்டான். வலிக்குதுன்னு அழுதான். அவனுக்குள்ள இன்னும் தாய்ப்பால் இருக்கும்மா. அதை இறக்கிக்கிட்டிருக்கோம்."

இதை அவன் வசனம் ஒப்பிக்கிற மாதிரி சாந்தமாகச் சொன்னான். எதைக் கொடுத்து இறக்குகிறாய் என்று கேட்டேன். அவன் கரிமியைப் பார்த்தே பேசினான்.

"நீங்கதானேம்மா சொல்லிக் குடுத்தீங்க? கூப்பிடறதை நிறுத்தின அப்புறம்தான் பிள்ளை தேவனைக் கூப்பிடுவான்னு. இப்ப நிறுத்திக்கிட்டு வரான். நீங்க வந்து நின்னா எல்லாம் வீணாயிடும்."

அப்போது உள்ளே இருந்து அந்தச் சத்தம் வந்தது. கூப்பிடுகிற குரலாகக்கூட இல்லை. தொண்டை வறண்ட ஒரு முனகல். அதில் 'அம்மா' என்பது பாதி இருந்தது, பாதி இல்லை.

கரிமி வாயைத் திறந்தாள். பதில் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். கதூரே செய்த மாதிரியே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் கால் ஓரடி பின்னால் போயிற்று.

"வாங்க, போயிடலாம்" என்றாள் என்னிடம். "நிறுத்திடுவான். கொஞ்ச நேரத்துல நிறுத்திடுவான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோமேயை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். அவன் அசையவில்லை, பின்னால் இன்னும் நாலு தடிப்பயல்கள் வந்து நின்றார்கள். "பொம்பளை உள்ள வரக்கூடாது" என்றான் ஒருவன். பலத்தில் நான் அவர்களுக்கு ஈடாக முடியுமா? இடுப்பில் கட்டியிருந்த லெசோத் துணியின் முடிச்சில் கை வைத்தேன்.

"அவுக்கட்டுமா?" என்றேன். "மூணு பிள்ளை பெத்த வயித்தை உங்க மூஞ்சிக்கு நேரா காட்டட்டுமா? அதுக்கப்புறம் உங்க வம்சத்துல ஒருத்தனுக்கும் தொட்டில் ஆடாது. பாக்கறீங்களா?"

தாய் வயசுக்காரி துணியை அவிழ்த்துக் காட்டிச் சபித்தால் எங்கள் ஊரில் மீட்சி கிடையாது. வேத வசனமெல்லாம் அந்தக் கணத்தில் பறந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒருவன்மேல் ஒருவன் விழுந்து ஓடினார்கள். கோமேதான் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். பின்பக்கத்து வேலியைத் தாண்டிக் காப்பித் தோட்டத்துக்குள் மறைந்தான்.

உள்ளே இருட்டு. பையன்கள் போர்வையைத் தலைவரை மூடிக்கொண்டு சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். நான் கதூரே மகன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "என்னடா குடுத்தாங்க அவனுக்கு?" அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். கழுவிக் கவிழ்த்த மண்சட்டி ஒன்று மூலையில் கிடந்தது. மவீரா அதற்குப் பக்கத்தில் கிடந்தான். உடம்பு கொதித்தது. வெட்டின இடத்திலிருந்து வாடை வந்தது. விரல் நுனியெல்லாம் மஞ்சள் கறை. எதையோ அவனையே இடிக்க வைத்திருக்கிறார்கள்.

அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சாப்பாடு இறங்காத பிள்ளை, கனமே இல்லை. கரிமி கதவுக்கு வெளியே இரண்டு கையையும் உள்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். கால் மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. நான்தான் கடைசி அடி வரைக்கும் சுமந்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு எங்களை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டாள். சின்ன வயசுக்காரி, சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"புண்ணை நான் பாத்துக்குவேன். அதுக்கு மருந்து இருக்கு. ஆனா சிறுநீர் நின்னு போயிருக்கு. விரல்ல இருக்கற கறையைப் பாத்தா, ஏதோ வேரை அரைச்சுக் குடுத்திருக்காங்க. எந்த வேர்னு தெரிஞ்சாதான் என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியும். தெரியாம எதையாவது குடுத்தா அதுவே அவனை முடிச்சிடும். ரொம்ப நேரம் இல்ல."

கிடோங்கா மோட்டார் பைக்கை எடுத்துக்கொண்டு கோமேயைத் தேடிப் போயிருந்தான். கோமே வீட்டில் இல்லை, போன் அணைந்திருந்தது. மற்ற வழிகாட்டிகளும் அகப்படவில்லை. பாஸ்டர் போனை எடுத்தார். "வேரா? எந்த வேர்? நான் மாத்திரைதானே வாங்கிக் குடுத்தேன்?" என்று குழறினார். மற்றப் பையன்களைப் பெற்றவர்கள் கிடங்குக்கே போய்க் கேட்டார்கள். ஒருவன் வாயையும் திறக்க முடியவில்லை. ஆக, அந்த வேரின் பெயர் இருந்தது மவீராவின் வாயில்தான். அவனுக்கு நினைவும் நன்றாகவே இருந்தது.

டாக்டரம்மா குனிந்து மெதுவாகக் கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் கேட்டேன், தலையைத் திருப்பிக்கொண்டான். கரிமி கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவன் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள்.

"சொல்லுடா தங்கம். என்ன வேருடா அது? நீதானே இடிச்சே?"

"நல்லா இருக்கேம்மா" என்றான். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. "நீங்க வெளிய நில்லுங்க. பொம்பளைங்க இருக்கக் கூடாது."

"நான்தானே உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தேன்? நானே சொல்றேன்டா. அது தப்பு. நான் சொன்னது தப்பு. பேரைச் சொல்லு சாமி. உன் கால்ல விழறேன்."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். வகுப்பில் சரியான பதில் தெரிந்த பிள்ளைக்கு வருகிற மாதிரி சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

"இதை முன்னாடியே சொல்லிட்டாங்கம்மா" என்றான். "கடைசியில அம்மா வருவாங்க, அழுவாங்க, தப்புன்னு சொல்லுவாங்க, கால்ல விழுவாங்க. அதுதான் கடைசிப் பரீட்சைன்னு கோமே அண்ணன் சொன்னாரு."

மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். டாக்டரம்மா என்னைப் பார்த்தாள், நான் கரிமியைப் பார்த்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டிருந்தாள். மகனின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இவன் சொல்ல மாட்டான், கின்யா அம்மா" என்றாள். "எனக்குத் தெரியும். சொல்லவே மாட்டான்."